ஆறு லிட்டரும் ஒரு உறையும்

தினமும் ஆறு லிட்டர் தண்ணீர் குடிப்பது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் திங்கட்கிழமைதான் எடுப்பேன். செவ்வாய்க்கிழமை என் மனைவி அவற்றை ரத்து செய்வாள்.

நான் தையல்காரன். ஒரு ஆள் கடைக்குள் கால் வைத்தாலே இடுப்பு எத்தனை இன்ச் என்று சொல்லிவிடுவேன். நாற்பது என்று நோட்டில் எழுதி வைத்திருந்த உடற்பயிற்சி வாத்தியார், அன்றைக்கு முப்பத்தாறாக வந்து நின்றார். என்ன சார் ரகசியம் என்று கேட்டேன். "தண்ணி" என்றார். குனிந்து என் கால் விரல்களைப் பார்க்க முயன்றேன். நடுவில் என் வயிறு இருந்தது.

ரெண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கினேன். காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை காலி செய்ய வேண்டும்.

"தாகம் எடுக்குதா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்புறம் ஏன் குடிக்கிறீங்க?"

"தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிடணும்."

"பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுத்தான் இந்த இடுப்பே வந்துச்சு."

கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் அவள் பட்டன் கட்டுவாள், ஓரம் அடிப்பாள். அதனால் சண்டை போட நாங்கள் வீட்டுக்குப் போகும்வரை காத்திருப்பதில்லை.

எட்டாம் நாள் தலை வலித்தது, குமட்டியது. ஒன்பதாம் நாள் ஒரு கோட்டுக்கு இரண்டு கைகளையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தேன். அதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. "என்னங்க இது?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே துணி வெட்டும் மேஜைமேல் சாய்ந்துவிட்டேன்.

"அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சு ரத்தத்துல இருக்கிற உப்பு நீர்த்துப் போச்சு" என்றார் டாக்டர். "இன்னும் விட்டிருந்தா மூளை வீங்கியிருக்கும், வலிப்பு வந்திருக்கும். உயிரே போயிருக்கும். தாகத்துக்குக் குடிங்க, போதும்."

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவள் என் கையை விடவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. இனி ஆறு லிட்டர் பேச்சையே எடுப்பதில்லை என்று சத்தியம் செய்தேன்.

சத்தியம் ஒரு மாதம் தாங்கியது. அப்போது வாத்தியார் முப்பத்தைந்தாக வந்து நின்றார்.

"மறுபடியும் ஆறு லிட்டர் ஆரம்பிக்கப் போறேன்" என்றேன். "அந்த டாக்டருக்கு இன்னும் மீசையே சரியா முளைக்கல. அவருக்கு என்ன தெரியும்?"

பூகம்பத்துக்குத் தயாராக நின்றேன். அவள் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள்.

"சரி, உங்க இஷ்டம். ஆனா பாட்டிலை நான்தான் நிரப்பித் தருவேன்."

அதோடு விட்டாளா? மறுநாளே கோட்டுத் துணியில் பாட்டிலுக்குக் கழுத்துவரை மூடுகிற மாதிரி ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். தண்ணீர் சூடாகாமல் இருக்குமாம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சு எடுபட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாட்டில் லேசா இருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி குடிச்சுக் குடிச்சு உங்க கைக்கு பலம் வந்திருக்கு" என்றாள்.

இருக்கும் என்று தோன்றியது.

மூன்று மாதத்தில் தலைவலி இல்லை, குமட்டல் இல்லை. பேன்ட் இடுப்பில் ரெண்டு இன்ச் தொளதொளவென்று ஆகிவிட்டது. துணி தைக்க வந்தவர்களுக்கெல்லாம் அளவோடு சேர்த்து அறிவுரையும் கொடுத்தேன். பிறகு டாக்டரை மூக்கறுக்க, பாட்டிலும் கையுமாக மனைவியையும் கூட்டிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன்.

"உப்பு சரியா இருக்கே" என்றார் அவர்.

"தினமும் ஆறு லிட்டர் குடிக்கிறேன் சார். உங்க படிப்பை ஒரு தடவை சரி பாருங்க."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அவர் கையை நீட்டி என் பாட்டிலை வாங்கினார், உறையை உருவினார். பஞ்சு வந்தது. அதற்குள் இன்னும் கொஞ்சம் பஞ்சு வந்தது. கடைசியில் அறுநூறு மில்லி பாட்டில் ஒன்று வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"ஏம்மா, அளவெடுத்துப் பிழைக்கிறவன்கிட்டயேவா?" என்றேன் மனைவியிடம்.

"தோளே இல்லாதவனுக்கெல்லாம் கோட்டுக்குள்ள பஞ்சு வச்சு பயில்வானாக்குறீங்களே, அதை எதிர்ல உட்கார்ந்து இத்தனை வருஷமா யார் பார்த்துட்டு இருந்தாங்களாம்?" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "பேசி உங்களை நிறுத்த முடியாதுங்க. அன்னிக்கு நீங்க மேஜைமேல சாய்ஞ்சப்போ நான் பாதி செத்துட்டேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா, ஒரு விஷயத்திலாவது ஜெயிக்க வேண்டும்.

"எல்லாம் சரி. ஆனா இடுப்பு ரெண்டு இன்ச் குறைஞ்சது உண்மைதானே?"

"அது குறையலன்னா நீங்க எட்டு லிட்டருக்குப் போயிருப்பீங்க. அதான் உங்க பேன்ட்டை எல்லாம் பின்னாடி பிரிச்சு ரெண்டு ரெண்டு இன்ச் விட்டுத் தைச்சேன்."