போச்சண்ணனும் புகைபோட்ட லென்ஸும்

நெகிரி செம்பிலான் எஸ்டேட்டுகளில் போச்சண்ணனைவிடப் பெரிய புலம்பல்காரர் பிறக்கவேயில்லை. அப்படி ஒருவர் பிறந்திருந்தால் போச்சண்ணன் நேராக என்னிடம் வந்து, “போச்சு வாத்தியாரே, இதுலயும் போட்டி வந்திருச்சு” என்று புலம்பியிருப்பார்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் எஸ்டேட். நான் அங்கே தமிழ்ப்பள்ளி வாத்தியார். போச்சண்ணனுக்குப் பகலில் ரப்பர் ஃபேக்டரியில் வேலை, மற்ற நேரத்தில் படம் பிடிப்பார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அவர்தான். கேமராவை ஒவ்வொரு தடவை அமுக்கியதும் “போச்சு” என்பார். படம் சரியாக விழாது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தாலி கட்டும் நேரத்தில் எதிரே நின்று ஒருத்தர் “போச்சு” என்றால் மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? எங்கள் எஸ்டேட் கல்யாண ஆல்பம் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், மாப்பிள்ளை பேயறைந்த மாதிரிதான் இருப்பார். இத்தனைக்கும் படங்கள் அருமையாக வந்திருக்கும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவரால் எடுக்க முடியாத படம் ஒன்று உண்டு. எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதியில் பெண்களும் இறங்குவார்கள். அவர் மனைவி சரசக்கா வருடம் தவறாமல் இறங்குவார். போச்சண்ணன் குழியின் கடைசியில், பால் ஊற்றி வைத்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் எடுப்பார். சரசக்கா நெருப்பில் கால் வைத்துவிட்டால் போதும், மனிதருக்குக் கைகால் உதறும். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு கையையும் நீட்டிவிடுவார். அக்கா ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் எங்கே படம்? வீட்டுக்கு வீடு தீமிதிப் படம் தொங்கும். படக்காரர் வீட்டுச் சுவரில் மளிகைக்கடைக் காலண்டர் தொங்கும்.

அந்த வருடம் எஸ்டேட்டை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். திருவிழா முடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அங்கே குழி வெட்டுவது அதுவே கடைசி. “இந்தத் தடவையாச்சும் என்னை ஒரு படம் எடுய்யா” என்று அக்கா கேட்டுவிட்டார். அந்த அம்மாள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவரே இல்லை.

“கிட்டக்க நின்னா கையை நீட்டிருவேன் வாத்தியாரே,” என்றார் போச்சண்ணன். “எட்டத்துல நின்னு இழுத்துப் புடிக்கணும். அதுக்குப் பெரிய ஸூம் லென்ஸ் வேணும்லா.”

சிரம்பானில் ஒரு கேமராக் கடையில் அப்படி ஒரு லென்ஸ் கிடந்தது. யாரோ பத்திரிகைக்காரர் தேயத் தேய உபயோகித்துவிட்டு விற்றுப் போன பழைய புரொஃபஷனல் சாமான். அதைப் பார்க்கச் சனிக்கிழமை தவறாமல் போனோம். என் கார், என் பெட்ரோல், என் தலையெழுத்து.

கையில் எடுத்ததும், “கண்ணாடி பிரமாதம்லா” என்பார். அடுத்த நிமிடம், “கனத்தைப் பாருங்க. கழுத்து போச்சு.” கீழ்நோக்கிப் பிடித்தால் குழல் தானாகச் சரிந்து இறங்கும். “பாவம், இதுக்கும் வயசாயிருச்சு.” டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் நூல் நூலாகப் பூஞ்சணம். “பூத்துருச்சு வாத்தியாரே. வாங்குனா போச்சு.” சரி, சனியன் விட்டது என்று நான் காரைக் கிளப்பினால், “வாங்காட்டியும் போச்சு” என்பார். வீடு வரும்வரை இந்த இரண்டே வசனம்தான். ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

கடைக்காரச் சீனருக்கும் பொறுமை போய்விட்டது. ஒரு வாரம் போட்டுப் பார், பிடித்தால் வாங்கு, இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவா, தயவுசெய்து இங்கே நின்று டார்ச் அடிக்காதே என்று மலாயில் சொல்லி லென்ஸைக் கையில் திணித்தார்.

அங்கேதான் வினை. ரப்பர் ஷீட்டைப் புகைவீட்டில் தொங்கவிட்டு விறகுப்புகை போட்டுக் காயவைப்பார்கள். அப்படிச் செய்தால் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காது. போச்சண்ணனுக்கு அந்தப் புகைவீட்டில்தான் வேலை. இதற்குமேல் நான் சொல்ல வேண்டுமா?

“ஷீட்டுக்குக் கேக்குற புகை இதுக்குக் கேக்காதா வாத்தியாரே?” என்று அவர் லென்ஸை நீட்டியபோது கண்ணாடி தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. பூஞ்சணம் இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருந்தது. சனிக்கிழமை கடைக்காரர் அதை மோந்து பார்த்தார். பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்து, நீயே வைத்துக்கொள் என்றார். வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

திருவிழாவன்று எஸ்டேட் லாரியைத் தூரத்தில் நிறுத்தி அதன்மேல் ஏறிக்கொண்டார். குதித்து ஓடிவிடாமல் இருக்க இடுப்பு பெல்ட்டை நான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பிடித்தேன். சரசக்கா இறங்கினார். பெல்ட் என் கையை அறுத்தது. அவர் ஒரே ஒரு தடவை அமுக்கினார், ஆனால் “போச்சு” என்று சொல்லவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அன்றைக்கு அக்காவுக்குக் காலில் கொப்புளம். விரதத்தில் ஏதோ குறை என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள்.

படம் கழுவி வந்தது. மொத்தமும் பழுப்புதான், ஆனால் முகம் அவ்வளவு தெளிவு. நெருப்பின் நடுவே அக்கா அப்படியே நின்றுகொண்டிருக்கிறார். கண் அம்மன் பக்கம் இல்லை. பால் ஊற்றிய இடத்தில், போச்சண்ணன் வழக்கமாக நிற்கிற பக்கத்தைத் தேடுகிறது.

போச்சண்ணன் படத்தை அக்காவிடம் நீட்டினார். “என்னையத்தான் தேடுனியா?”

“பின்ன யாரை? கையைக் காணோமேன்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன்.”

“அந்த லென்ஸை வாங்கியிருக்கவே கூடாது,” என்றார் அவர். “படத்தைக் கிழிச்சிருவோம் சரசு.”

“கிழிப்பியா? நெருப்புல நின்னு புருசனைத் தேடுன படம் இந்த எஸ்டேட்டுல யாருகிட்ட இருக்கு? மாட்டுய்யா.”

ஆணி அடித்துக் கொடுத்தது நான்தான். அடுத்த வாரமே லயம் காலியாகி, அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டோம். அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமை வந்துவிட்டது. காரில் பக்கத்து சீட்டு சும்மா இருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பவே மனசு வருவதில்லை.