கோச் அவர்களுக்கு, ஷூ பை விஷயமாக

மதிப்பிற்குரிய கோச் சைபுல்லா அவர்களுக்கு,

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்திலிருந்து குந்தவையின் அப்பா வீரையன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி தங்கமணியும் சௌக்கியம். சம்பா நடவு முடிந்துவிட்டது. அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் விசிலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். "கோச்சுக்கு எதுக்கும் போன் பண்ணிடாதீங்கப்பா" என்று குந்தவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தாங்கள் கூத்தாநல்லூர்க்காரர் என்று கேள்விப்பட்டபோது, நம்ம பக்கத்து ஆள் ஆச்சே என்று எனக்கு ரொம்ப நிம்மதி. நேர விஷயத்தில்தான் தாங்கள் எந்த ஊர்க்காரர் என்று புரியவில்லை. பயிற்சி ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்கு வருகிறவள் லேட்டாமே. சாக்ஸ் ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தாலும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டுமாமே. ராத்திரியானால் எல்லோர் போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறீர்கள். தங்கமணி "ஏண்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பதில் வருவதற்குள் மடையை அடைத்த மாதிரி பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டு வருஷமாகத் தீபாவளிக்கு வரவில்லை, டோர்னமென்ட். பொங்கலுக்கு வரவில்லை, கேம்ப். நான் தப்புச் சொல்லவில்லை. முறைத் தண்ணீரில் விவசாயம் பண்ணுகிறவன் நான். என் முறைக்கு நான் வாய்க்கால் கரையில் நிற்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஒழுங்கு எனக்கும் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் கண் பூத்துப் போய்விட்டது சார்.

சரி, அவள் வராவிட்டால் நாம் போவோம், அவள் கூடைப்பந்து விளையாடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்ப்போம் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வந்தோம். ஹாஸ்டல் வாசலில் அவளைப் பார்த்துக் கையைப் பிடித்தவுடனேயே தங்கமணி கேட்டது, டீம் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான். ஐந்து மணி என்றாள் குந்தவை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ராகு காலம். "மேட்ச்சுக்குப் போற புள்ள ராகு காலத்துல கிளம்பினா விளங்குமா?" என்று தங்கமணி பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இதற்கு வழி உண்டு, தங்களுக்கும் தெரிந்திருக்கும். ராகு காலத்துக்கு முன்னாலேயே பையைக் கொண்டுபோய் வேறு யார் வீட்டிலாவது வைத்துவிட்டால் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. சென்னையில் நமக்கு யார் வீடு? எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஷூ பையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, கொண்டுவந்த அதிரசத்தை இவள் ஊட்ட, அவள் "கோச் எண்ணெய்ப் பலகாரம் தின்னக்கூடாதுன்னாரும்மா" என்று சொல்லிக்கொண்டே தின்ன, பஸ் ஹாரன் அடிக்கிறது, திரும்பிப் பார்த்தால் ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஷூ உள்ளே, பிள்ளை வெளியே. நான் அந்தத் தெருவில் இருக்கிற டீக்கடை எல்லாம் ஏறி இறங்கி அவரைப் பிடித்து இழுத்துவந்தேன். குந்தவை பஸ் படியில் கால் வைத்தபோது தாங்கள் வாட்சை மட்டும் பார்த்தீர்கள். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

நாங்களும் பின்னாலேயே மைதானத்துக்கு வந்து பார்த்தால், மேட்ச் முழுக்க அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டீர்கள். மற்ற பெண்கள் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், என் மகள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்குக் கை தட்டுகிறாள். அவள் இல்லாமலேயே டீம் ஜெயித்தது வேறு, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். முடிந்ததும் அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். வரும் ஞாயிறு திருச்சி மேட்ச்சிலும் அவளுக்கு பெஞ்சுதான் என்று கேள்வி. எங்கள் தெருவே வேன் பிடித்து வருகிறது சார். தப்புச் செய்தது நாங்கள், தண்டனை அவளுக்கா? தயவு செய்து அவளை விளையாட விடுங்கள். பை விஷயத்தில் தங்கமணி இனி தலையிட மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு.

தங்கள் டீம் போடுகிற பந்தெல்லாம் கூடையில் விழட்டும். தங்கள் வாட்ச் நீடூழி ஓடட்டும், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் நல்லது.

இப்படிக்கு,
குந்தவையின் அப்பா,
வீரையன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தங்கமணி படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "விளையாட விடுங்கன்னு ஏன் எழுதினீங்க? ஓடுற புள்ளை மூஞ்சியை எங்கேருந்து பார்க்குறது? அன்னிக்கு நமக்கு நேரா உட்கார்ந்திருந்தா. ரெண்டு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தாங்க எம்புள்ளையை நல்லாப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருக்கு, பார்த்தீங்களா?" என்றாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவளிடம் சொல்லவில்லை. அதனால் மேலே எழுதியதைத் தாங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். திருச்சியில் முதல் பாதி அவள் பெஞ்சிலேயே இருக்கட்டும், எங்கள் பக்கம் பார்த்த மாதிரி. அதற்குள் நாங்கள் பார்த்து முடித்துவிடுகிறோம்.