வாத்தியாரின் சொந்தப் படகு

படகில் பிரேக் கிடையாது என்பது டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குத் தெரியவந்தபோது, ரிசார்ட்டின் படகுத்துறை இருபதடி தூரத்தில் இருந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் வலது கால் அடிப்பலகையை ஓங்கி மிதித்தது. கால் வலித்ததுதான் மிச்சம். படகு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பின்னால், மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவர் சரி என்று சொன்னால்தான் கல்யாணம். "சொந்தமா படகே வெச்சிருக்கோம், அதுலயே ரிசார்ட்டுக்குப் போயிடலாம்" என்று போனில் அளந்துவிட்ட வாத்தியார், படகு மெக்கானிக்கான நண்பனின் கையில் காலில் விழுந்து இதை ஒரு நாள் இரவல் வாங்கியிருந்தார். ஓட்டுவதற்கு அரைமணி நேரப் பாடமும் ஆயிற்று. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷர், எப்படி நிறுத்துவது என்று போய்க் கேட்பாரா?

டொங் என்று தூணில் மோதியது.

"இடிச்சிட்டீங்களா?" என்றார் பின்னாலிருந்தவர்.

"சேச்சே, லேசா தொட்டு நிறுத்தினேன் சம்பந்தி. தண்ணில இப்படித்தான்."

"ரிவர்ஸ் போட்டுத் தொலைங்க" என்று காதருகே பல்லைக் கடித்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

போட்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தேடி முடிப்பதற்குள், கட்டிப்போட்டிருந்த இன்னொரு படகை உரசிக்கொண்டு போனதில் பக்கவாட்டில் ஒரு முழத்துக்குப் பெயிண்ட் உரிந்தது. சம்பந்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பாவம், இளகிய மனசு.

"எவ்வளவு நாளா வெச்சிருக்கீங்க இதை?"

"அது ஆச்சு மூணு வருஷம். இந்த நீலம்கூட நானே பக்கத்துல நின்னு அடிக்க வெச்சது."

"நல்ல ரசனை" என்றார் சம்பந்தி மெதுவாக.

"கயிறை வீசுங்க" என்று கரையிலிருந்து காவலாளி கத்தினார். வாத்தியார் வீசினார். மறுமுனையைப் படகில் கட்டியிருக்க வேண்டுமாம். யார் சொன்னார்கள்? மொத்தக் கயிறும் தண்ணீருக்குள் போயிற்று.

சம்பந்தி எழுந்து, சீட்டுக்கு அடியிலிருந்த மூடியைத் திறந்து வேறொரு கயிற்றை எடுத்தார்.

"அட, அங்கயா இருக்கு?" என்றார் வாத்தியார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருவழியாகச் சம்பந்தியே சுக்கானைத் திருப்பி, படகைக் கரையோரம் நிறுத்திக் கட்டினார். வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதற்குமேல் தாங்காது என்று கேட்டேவிட்டார்.

"அப்ப, கல்யாணத்துக்கு உங்க சம்மதம்..?"

"சம்மதம்தான். பொண்ணு தங்கமான பொண்ணு. இனிமே உங்களுது, எங்களுதுன்னு பிரிச்சுப் பாக்க என்ன இருக்கு?"

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய மனசு. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, படகின் தலையில் உரிமையோடு ஒரு தட்டுத் தட்டினார்.

காவலாளி ஓடிவந்து, வாத்தியாரைத் தாண்டிப் போய்ச் சம்பந்திக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"வாங்க சார், சர்வீஸுக்கு விட்டிருந்த உங்க படகு வந்துடுச்சா? இந்த டிரைவரை மட்டும் மாத்திடுங்க."