வலிக்காத பல்லும் சீனக் குறியீடுகளும்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கோழி பிரியாணியே கிடைத்தது. மெல்லத்தான் முடியவில்லை.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆங்கில ஆசிரியை. முனைவர் பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரமாகும். ஐந்து வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தலைப்பு: அமெரிக்காவில் குடியேறிய சீனக் குடும்பங்களைப் பற்றிய நாவல்களில் குறியீடுகள். அந்த நாவல்களில் ஒரு பொருளும் சும்மா இருக்காது. அம்மா மகளுக்கு வளையல் கொடுத்தால் அது விட்டுவந்த ஊர். மகள் அதைத் தொலைத்தால் அது தொலைந்த தாய்மொழி. இப்படியே படித்துப் படித்து, எங்கள் மில்லர்புரம் வீட்டுச் சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அம்மா எனக்கு ஏதோ உணர்த்துகிறாள் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. (உணர்த்தவில்லை. மறந்துவிட்டாள்.)

ஆய்வேட்டைப் படித்த வெளியூர்ப் பேராசிரியர் தன் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தார். 'ஆய்வாளர் சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்றையாவது நேரில் கண்டாரா என்பதை வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும்.'

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அதில் ஏழு நாள் புலம்பியே போயிற்று. தூத்துக்குடியில் சீனருக்கு நான் எங்கே போவேன்? துறைமுகத்துக்குக் கப்பலில் வருகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, "உங்கள் வீட்டில் குறியீடு உண்டா?" என்று கேட்க முடியுமா?

"ஏளா, நம்ம பல் டாக்டர் மெய்லின் இருக்காள்லா?" என்றாள் அம்மா.

இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவருடைய தாத்தா சீனாவிலிருந்து வந்து இந்தக் கரையிலேயே தங்கிப் பல் வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் பல் வைத்தியர். மூன்று தலைமுறையாக ஊரே அவர்களிடம்தான் வாயைத் திறந்திருக்கிறது. எனக்குத்தான் கண் திறக்கவில்லை.

நேரே போய், "உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கலாம். ஆனால் நான் ஆய்வாளர் அல்லவா? கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் இயல்பாக இருக்கமாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் பல்வலி என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன்.

கிளினிக் அவர்கள் வீட்டின் முன்பகுதியில் இருந்தது. காத்திருந்தபோது, மூலையில் கிடந்த பழைய மர நாற்காலியில் பையைப் போட்டுவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் கைபேசியில் படம் எடுத்தேன். வீட்டுக்குள் போகும் கதவின் கைப்பிடியில் சிவப்பு நூல். நாலு பத்தில் நின்றுபோன கடிகாரம். தாத்தாவின் படத்துக்கு முன்னால் ஓர் ஆரஞ்சு. பிறகு பையை மடியில் எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பரபரவென்று குறிப்பு எழுதினேன். (அது கிரீச் கிரீச்சென்று கத்தியது. நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போடக்கூடாதா என்று வேறு நினைத்தேன்.)

உள்ளே கூப்பிட்டார்கள். "மூணு நாளாத் தூக்கமே இல்ல டாக்டர்" என்று கீழ்ப் பல்லைக் காட்டினேன். பொய்யைச் சொன்னால் போதாதா, அதற்கு மேல் நடிப்பு வேறு.

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, வலிக்குதுன்னு நீங்க சொல்லுத இடத்துல ஒண்ணுமே இல்ல. மேல, கடைசிப் பல்லு, அது வலிக்கலன்னு சொல்லுதீங்க. அதுதான் முழுசாச் சொத்த. எடுத்துரலாமா?"

வேண்டாம் என்றால் மூன்று நாள் தூங்காத கதை என்னாவது? தலையை ஆட்டினேன். பல் போயிற்று.

வாயில் பஞ்சோடு கிளம்பும்போது, மூன்றாம் நாள் வரச் சொன்னார். அன்றுதான் தேர்வு. பேச முடியாததால் பையிலிருந்த அழைப்பிதழை எடுத்து நீட்டினேன். வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது. யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். டாக்டர் தலைப்பை இரண்டு முறை படித்தார்.

"நானும் வரலாமாக்கா?"

அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு வராதே என்று சொல்ல முடியுமா? அவருக்கு எங்கே நேரம் இருக்கப்போகிறது என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

வந்துவிட்டார். மூன்றாவது வரிசையில், பட்டுப்புடவை கட்டிய என் அம்மாவுக்குப் பக்கத்தில். நான் ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு திரையில் படங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு நூல், தாய்நாட்டோடு அறாத கொடி. நின்ற கடிகாரம், தாத்தா கரையைவிட்டுப் புறப்பட்ட நேரம். ஆரஞ்சு, முன்னோர்க்குப் படையல். அறிக்கை எழுதிய அதே பேராசிரியர் தலையாட்டி ரசித்தார்.

"அருமை. அந்தக் குடும்பத்தார் யாரும் வந்திருக்கிறார்களா?"

அம்மா பெருமையோடு பக்கத்தில் கையைக் காட்டினாள். டாக்டர் எழுந்தார்.

"கைப்பிடி கழண்டு விழுது சார். ஆசாரி வாரேன் வாரேன்னு சொல்லுதாரு, வரல்ல. அதான் நூலு. கடிகாரத்துக்கு பேட்டரி போடணும். ஆரஞ்சு, பல்லு கட்டிக்கிட்ட ஒரு அண்ணாச்சி கொண்டாந்தது. வைக்க வேற இடம் இல்ல."

அரங்கம் சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வேலை, பட்டம், ஐந்து வருடம் எல்லாம் அந்தக் கைப்பிடியோடு சேர்ந்து கழன்று விழுந்தன.

"அப்படியானால் உங்கள் வீட்டில் சீன அடையாளம் என்று எதுவுமே இல்லையா?" என்றார் பேராசிரியர்.

"இருக்கு சார். கடைசிப் படத்துல மூலையில ஒரு நாற்காலி, அக்கா பைக்கு அடியில. எங்க தாத்தா அத சைக்கிள்ல கட்டி காயல்பட்டினம் வரைக்கும் கொண்டு போயி பல்லு எடுத்திருக்காங்க. சீன வருசப் பொறப்பு அன்னைக்குக் காலைல வீட்டுல எல்லாரும் வரிசையா அதுல உக்காந்து வாயத் திறக்கணும். வீட்டுல வைத்தியம் பாக்கவங்க எல்லாரு பல்லையும் பாத்த பெறகுதான் சாப்பாடு. சீனாவுல யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க. தூத்துக்குடியிலயும் செய்யமாட்டாங்க. எங்க வீட்டுல மட்டுந்தான்."

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "இதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? சீன வழக்கமா, தூத்துக்குடி வழக்கமா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதைவிட, அந்த வரிசையில் யார் முதலில் உட்காருவார்கள், பிள்ளைகள் அழுவார்களா என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதிகமாக இருந்தது.

"தெரியல சார். நான் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். ஆனா ஒரு வார்த்தை கேக்கல. எனக்குப் பல்வலியே இல்ல சார். வேவு பாக்கப் போனேன்."

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைத்தார், ஒரு நிபந்தனையோடு: அந்த வீட்டைப் பற்றி ஒரு பின்னிணைப்பு எழுத வேண்டும், இந்த முறை கேட்டு. பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள், ஆய்வாளர்தான் விருந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்க வழக்கம். நான் கஞ்சி குடித்தேன்.

பின்னிணைப்புக்காகப் போனவளை அந்த வீடு விடவில்லை. இப்போதெல்லாம் சீன வருடப் பிறப்பன்று எனக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் சாப்பாடு. விருந்தாளி என்றாலும் வரிசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்த வருடம் என் முறை வந்தது. நாற்காலி அதே கிரீச்சோடு என்னை வாங்கிக்கொண்டது. டாக்டர் குனிந்தார்.

"எங்கயாச்சும் வலிக்குதாக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவகிட்ட அதக் கேக்காதம்மா. எங்கன வலிக்கலன்னு கேளு!"