உலக்கை பிடித்த பிள்ளையைப் பற்றி அத்தானுக்கு

திருநெல்வேலி டவுண்,
பரிதாபி வருஷம், ஆவணி 14

பாபநாசத்தில் அன்பும் கோபமும் ஒருங்கே நிறைந்து விளங்கும் அத்தான் குற்றாலலிங்கம் பிள்ளையவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை உலகம்மாளின் புருஷன் சிவசண்முகம் வணங்கி எழுதிக்கொண்டது. நேற்று மத்தியானம் வரை இவ்விடம் க்ஷேமமில்லை, இப்போது க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைக் கடிதத்தில் எழுதினால் போதும், தாங்கள் புறப்பட்டு வர வேண்டியதில்லை.

தங்கள் மருமகன், என் மகன் சங்கரனுக்கு வயது ஏழு. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதும், கிட்டே போனவர்களைக் கடிப்பதும் தாங்கள் அறிந்ததே. போன மாதம் பாக்கியசீலன் வாத்தியாரின் பெருவிரலைக் கடித்ததில், அந்தப் பொறுமைசாலியே, பள்ளிக்கூடம் பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒருதரம் அலறினாலும் ரிஜிஸ்தரில் பேரை அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பேரை அடித்தால் வருகிற செவ்வாய்க்கிழமை பையனைக் கோடாங்கியிடம் கொண்டுபோய் வேப்பங்குழையால் அடித்துப் பேயோட்டுவேன் என்று தாங்கள் சொன்னீர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் முதுகு எவ்வளவு அகலம், அத்தான்?

நம் வீட்டில் நெல் குத்தும் இசக்கியம்மாவிடம் ஒருநாள் இவன் அலறிக்கொண்டு போய் உலக்கையைப் பிடுங்கியிருக்கிறான். அவள் பயப்படாமல் வேறொரு உலக்கையை எடுத்துக்கொண்டு எதிரே நின்றுவிட்டாள். ஒரே உரலில் இரண்டு உலக்கை. அவளுடையது எழும்பும் வரை இவன் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டிக்கொள்ளும். முதல்நாள் முட்டிப் பாதி நெல் முற்றத்தில். நாலாம் நாள் ஹூம் ஹூம் என்று மூச்சை விட்டுக் காத்திருந்து குத்தினான். குத்திவிட்டுப் போன நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரையும் கடிக்கவில்லை. என்ன மந்திரம் என்று கேட்டேன். "மந்திரம் என்ன மந்திரம், அய்யா. கோவம் பூரா கையிலதான் கெடக்கு. கை ஓஞ்சா அதுவும் ஓஞ்சிரும்" என்றாள்.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைவாள் மகன் பொம்பளை வேலை பார்க்குதானாமே என்று தெருவில் ஒருத்தன் சிரிக்க, எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்து, இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், மறுநாளே பரீட்சை என்கிற நினைப்புகூட இல்லாமல், உலக்கைகளை அரங்கு அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். புத்தி கெட்ட மூதி நான்! காலையில் பையன் குத்தாமலே போனான். மனசு கேட்காமல் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். மணி அடித்தான் பாருங்கள், பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. வாத்தியார் வெளியே வந்து, இன்ஸ்பெக்டர் பக்கத்து வகுப்பில் இருக்கார், கால்மணி நேரம்தான் என்றார். ஓடினேன் அத்தான். பூட்டைத் திறக்கப் போனா சாவி விழுது, உலகம்மா அழுதா. ரெண்டு உலக்கையையும் ரெண்டு தோளிலே வச்சிக்கிட்டு மேலரத வீதி வழியா ஓடுதேன், அல்வாக் கடைக்காரன் எங்கன சண்டைன்னு கேக்கான்.

பள்ளிக்கூடத்துக் கொல்லையிலே மணலைக் குவிச்சு, பையனை பெஞ்சடியிலிருந்து கூட்டியாந்து, அவன் ஒருபக்கம் நான் ஒருபக்கம். எனக்கு அவசரம், டமார்னு முட்டிட்டேன். பையன் முகம் கோணிச்சு. இந்தா அலறப்போகுதான், எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். அவன் அலறலை. "அப்பா, நான் தூக்கினப்புறம் போடுங்க" என்றான். நூறு குத்து. வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இன்ஸ்பெக்டர் கேட்ட பாட்டை முழுக்க ஒப்பித்தான். பேரை அடிக்கவில்லை.

ஆகவே பையனுக்குப் பேயுமில்லை பிசாசுமில்லை. நானும் இப்போது பொறுமையே உருவாக இருக்கிறேன். மதினிக்கு எங்கள் நமஸ்காரம். தங்கள் வீட்டில் நெல்லும் நீரும் குறையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிவசண்முகம்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும்போது தபால்காரன் தங்கள் கடிதத்தைக் கொடுத்தான். பேர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் செவ்வாய்க்கிழமை கோடாங்கியோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மைக்கூட்டை எடுத்துச் சுவரில் எறிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன், எழுதுகிற பலகையைக் காலால் உதைத்தேன். சங்கரன் காதைப் பொத்தவில்லை. பைய உள்ளே போய் உலக்கையை இழுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்து, "குத்துங்கப்பா, நான் எதிர்க்க நிக்கேன்" என்றான். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். கோடாங்கியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், அத்தான். வேப்பங்குழையை மட்டும் என் முதுகு அகலத்துக்குப் பார்த்து ஒடித்து வரச் சொல்லுங்கள்.