மீசை வைத்த வல்லூறு

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். ஊருக்கே பார்வை கொடுக்கிறவன். என் கண்ணுக்கு ஒரு பறவை தப்புமா? அதனால்தான் பறவை பார்ப்போர் சங்கத்தில் சேர்ந்த கையோடு சபதம் போட்டேன்: இந்தப் பக்கத்தில் முதல் வல்லூறைக் கண்டுபிடிக்கப் போவது நான்தான்!

வல்லூறு என்றால் சும்மாவா? வானத்திலிருந்து கல் மாதிரி விழுந்து, பறக்கிற புறாவைப் பறக்கும்போதே அடிக்கும். அதை முதலில் காட்டுகிறவருக்கு வேட்டைப் பறவைப் பிரிவின் தலைவர் பதவி என்று சங்கத் தலைவர் அறிவித்திருந்தார். அவர் பல் டாக்டர். பிடித்ததைப் பிடுங்காமல் விடமாட்டார்.

ஞாயிறு தவறாமல் பைனாகுலரோடு கல்குவாரி மலைக்குக் கிளம்புவேன். ஞாயிறு தவறாமல் என் மனைவி வாசலை மறிப்பாள்.

"ஏங்க, மொட்டைமாடித் தண்ணித் தொட்டியைக் கழுவணும். குழாயில பாசி வருது. மேல வாங்க."

"அடுத்த வாரம்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

"சரித்திரம் படைக்கப் போறவனைப் பாசி வழிக்கக் கூப்பிடறியே!"

"சரி, அந்தப் பைனாகுலரையாவது ஒரு நிமிஷம் குடுங்க."

"இது கரண்டி இல்லம்மா, ஆளாளுக்குப் பிடிக்கறதுக்கு. பழகின கண்ணு வேணும்."

"துணி காயப்போடறப்ப ஒரு பறவை வந்து பக்கத்துக் கம்பியில உட்கார்ந்துச்சுங்க. காலு மஞ்சள். கன்னத்துல கறுப்பா மீசை மாதிரி..."

"மீசையா? தாடி இல்லையா?" விழுந்து விழுந்து சிரித்தேன். "அது பருந்து. நீ போய்த் துணியைப் பாரு."

அவள் "சரிங்க" என்று மாடி ஏறிப் போனாள். மனைவி சட்டென்று "சரிங்க" என்றால் உஷாராக வேண்டும் என்பது கல்யாணமான யாருக்கும் தெரியும். கழுத்தில் பைனாகுலர் தொங்கிய தெம்பில் எனக்கு மறந்துவிட்டது.

மலையில் பருந்து பார்த்தேன். அப்புறம் இன்னொரு பருந்து. ஒருநாள் தூரத்தில் கருப்பாக ஏதோ சிறகடித்தது. வல்லூறேதான்! உடனே பல் டாக்டருக்குப் போன் போட்டேன். போனை வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தேன். முள்மரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பை.

அடுத்த ஞாயிறு சங்கமே திரண்டு வந்தது. காலை முழுக்க மலையில் காய்ந்தோம். வல்லூறும் இல்லை, அந்தப் பையும் இல்லை. டீ குடிக்க என் வீட்டுக்கு இறங்கி வந்தோம்.

"சார், நெஜமாவே பார்த்தீங்களா?" என்றார் பல் டாக்டர், சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்க்கிற குரலில்.

மானம் கப்பலேறப் போகிறது. சமையலறைக்குள் ஓடினேன்.

"காப்பாத்தும்மா! ஏதாவது சொல்லி அனுப்பி வை."

"சொல்றதென்ன, வல்லூறையே காட்டறேன். தொட்டி?"

"நானே கழுவறேன்."

"பைனாகுலர்?"

"நீயே வச்சுக்கோ, தாயே!"

அவள் கை துடைத்துக்கொண்டு எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனாள். தொட்டி மேல் ஏற்றினாள். எதிரே செல்போன் கோபுரம். அதன் உச்சிக் கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"வல்லூறு!" பல் டாக்டர் கத்தினார். "ஆஹா, அந்த மீசையைப் பாருங்க! எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கொடியில தினமும் புறா எச்சம் இருக்கும் சார். திடீர்னு துணியெல்லாம் சுத்தமா இருந்துச்சு. புறாவை யாருடா துரத்தினதுன்னு தொட்டி மேல ஏறிப் பார்த்தேன். அப்பலேர்ந்து வாராவாரம் இவரை மேல வாங்கன்னுதான் கூப்பிடறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நெஞ்சு விம்மியது. என் பெண்டாட்டியின் கண் என்ன கண்! "என் வீட்டம்மா சார்!" என்று கூவிக்கொண்டே, மாலை வாங்கப் போகிறவன் மாதிரி முன்னால் வந்து நின்றேன். பல் டாக்டர் என்னைத் தாண்டிப் போய் அவளுக்குக் கை கூப்பினார். பதவி அங்கேயே முடிவானது. போகட்டும், எங்கள் வீட்டுக்குள்தானே வந்தது!

மறு ஞாயிறு கழுத்தில் பைனாகுலரோடு தலைவி மலைக்குப் புறப்பட்டாள். பின்னால் சங்கமே வரிசையாக நடந்தது. பெருமை தாங்காமல் கை வீசி வழியனுப்பினேன், தொட்டிக்குள் இருந்தபடியே.