வேனில் இருந்த தொண்ணூற்றொன்பது பேர்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி சிவராமகிருஷ்ணன் அவர்களுக்கு, பெண்ணின் பெரியப்பா பிச்சுமணி அனேக நமஸ்காரம். இங்கே நானும் காமாக்ஷியும் குழந்தை அதிதியும் சௌக்கியம். பாலக்காட்டில் உங்கள் உடம்பு சௌக்கியமாகவும், உங்கள் கோபம் கொஞ்சம் அசௌக்கியமாகவும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நேற்று போனில், "மீன் திங்கறவனோட ஒரே பெஞ்சில உக்காந்து சாப்பிட்டவர் ஆத்துலேர்ந்து பொண்ணெடுக்கணுமான்னு யோசிக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஸ்பீக்கரில் இருந்தது, அதிதி கேட்டுவிட்டாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. உங்கள் பிள்ளை நிகிலோடும் பேசவில்லை என்கிறாள், ஆனால் அவளுடைய போன் எப்போது தொட்டாலும் சூடாகத்தான் இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் வேனில் வந்து, காமாக்ஷியின் பாலடைப் பிரதமனைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்று சொன்ன வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஊரைக் காட்ட நான் முன்னால் நடந்தேன். மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரியாத கல் கிடையாது. அரண்மனை ஓவியங்களை நான் விளக்க ஆரம்பித்தால் வெள்ளைக்காரர்கள் தங்கள் கைடை அம்போ என்று விட்டுவிட்டு என் பின்னால் வருவார்கள். அன்றும் நாற்பது பேர் வந்தார்கள், நீங்கள் திரும்பிப் பார்க்காததால் தெரியவில்லை. படகு ஜெட்டிக்கு வந்து பார்த்தால் உங்கள் தம்பி கேசவைக் காணோம். போன் ஸ்விட்ச் ஆஃப். நான் பதறினேன். உங்கள் ஆத்தில் ஒருவரும் பதறவில்லை. "பார் ஹோட்டல் மேனேஜர்தானே, எங்கயாவது வாசனை பிடிச்சுண்டு போயிருப்பான், விடுங்கோ" என்றீர்கள். உங்கள் தங்கை விசாலாக்ஷி, "கடைசி சீட்டு காலியானா பையெல்லாம் வச்சுக்கலாம்" என்றார். நான் விடுகிற ஆளா? உங்களை எல்லாம் வெயிலில் நிறுத்திவிட்டு ஓடினேன். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டைகளைத் தாண்டிக் குதித்தேன். ஒரு ஆட்டோக்காரர், "அந்தச் சேட்டன் தோப்பும்படிக்கு வழி கேட்டோண்டு போயல்லோ" என்றார். அந்த ஆட்டோவிலேயே பறந்தேன்.

தோப்பும்படி ஹார்பர் பக்கம் ஒரு சாயாக்கடையில் கேசவ் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "என்னைத் தேடியா வந்தேள்?" என்றார். உட்கார்ந்தபின் மறுபடியும் அதையே கேட்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். எங்கள் வீட்டுப் பந்தி நடந்த நேரத்தில் அவரை நீங்கள் வேனுக்குக் காவல் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பசித்த மனுஷனை எழுப்பி இழுத்து வர முடியுமா? துணைக்கு நானும் உட்கார்ந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, ஊருக்குத் திரும்பும் வழியில் உங்கள் வேன் கடை வாசலில் நின்றது. என் முன்னால் வெறும் கப்பைக் கிழங்கு. கேசவ் முன்னால் கப்பையும், சிவக்கச் சிவக்க மீன் கறியும். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ பஸ்ல வா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு ஔசேப்பு சேட்டன் வெகு காலம் சர்ச்சில் வேதபாடம் நடத்தியவர். அவர் வீட்டுக் காலண்டரில், நூறு ஆடுகளில் காணாமல் போன ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏசு வருகிற படம் இருக்கிறது. "சேட்டா, ஞாயிற்றுக்கிழமை இது நான்தான்" என்றேன். அவர் சிரித்து, "சாமிக்குக் கதை அறியும். கதைக்கு முன்னால ரெண்டு வரி உண்டு, அது வாயிச்சோ?" என்று புத்தகத்தை நீட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். மலையாளத்தைக் கடகடவென்று வாசித்தேன்.

ஆட்டுக்கு ஆறுதலாகச் சொன்ன கதை என்றுதானே இத்தனை நாள் நினைத்தோம்? இல்லை சம்பந்தி. ஊரில் மதிப்பும் மரியாதையும் உள்ள பெரியவர்கள், இந்த ஆள் கண்டவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களோடு சாப்பிடுகிறானே என்று முணுமுணுக்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் ஏசு இந்தக் கதையையே எடுக்கிறார். ஆட்டைப் பார்த்துச் சொன்னதில்லை, மீதித் தொண்ணூற்றொன்பதைப் பார்த்துச் சொன்னது. உங்களில் எவன்தான் தொண்ணூற்றொன்பதையும் காட்டில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகமாட்டான் என்று வேறு கேட்கிறார். "ஒரு இடையனும் போகமாட்டான் சாமி, அவனுக்குப் புத்தி உண்டு" என்றார் ஔசேப்பு சேட்டன். நான் போனேன். இன்னொன்று, அந்த இடையன் ஆட்டோடு நேரே வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறான். காட்டில் நின்ற தொண்ணூற்றொன்பதும் என்ன ஆயிற்று என்று அந்தக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது. உங்களுக்காவது வேனில் ஏசி இருந்தது. இந்த விளக்கம் ஔசேப்பு சேட்டனுடையதா என்னுடையதா என்று எங்கள் தெருவில் இப்போது தர்க்கம் நடக்கிறது. பெரும்பான்மை என் பக்கம்.

ஆகையால் கேசவ் மீன் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். நான் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன், நீங்களும் மன்னியுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு அவரை வேனில் முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்து வாருங்கள். குழந்தைகள் இருவரும் இதில் ஒரு பாவமும் அறியாதவர்கள். உங்கள் அகத்துப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், வழி தவறாமல் தோப்பும்படிக்கு வந்த டிரைவருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பிச்சுமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் காமாக்ஷி என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்தாள். துவைக்கப் போட எடுத்தாளாம். பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, "இதென்ன, கப்பையோட முள்ளா?" என்றாள். "எழுதுங்கோ. இல்லேன்னா நான் எழுதறேன்" என்று இப்போது பக்கத்திலேயே நிற்கிறாள். மீன் தட்டு என்னுடையது. கேசவ் சாப்பிட்டது வெறும் கப்பையும் கட்டன் சாயாவும்தான். வேனைப் பார்த்ததும் தட்டை மாற்றி வைத்தது நான். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. சற்று முன் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "போறது விடுங்கோ, தேடிண்டு வந்தேளே" என்றார். அவர் கட்டாயம் வரட்டும். என்னோடு உட்கார்ந்து சாப்பிட உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் நான் வரவில்லை. பெண்ணுக்குப் பெரியம்மா போதும்.